வரிக்கு ஒரு ஆதாரம்: நிதி மோசடி விசாரணை அறிக்கையை எழுதும் முறை

“வாடிக்கையாளரின் வருமானத்துக்குப் பொருந்தாத வகையில் கணக்கில் பெருமளவு பரிவர்த்தனைகள் நடந்துள்ளன.”

வங்கிகளின் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைகளிலும் உள்விசாரணை அறிக்கைகளிலும் இந்த வரி அச்சுக் கோத்ததுபோல் வந்துகொண்டே இருக்கிறது. படிக்கிற அதிகாரிக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வருமானம் எவ்வளவு, அது எந்தத் தாளில் இருக்கிறது, பெருமளவு என்றால் எத்தனை ரூபாய், எத்தனை நாளில்? ஒரு மாதிரிக் கணக்கை வைத்து அதே வரியை மாற்றி எழுதினால் இப்படி வரும்:

“கணக்கு தொடங்கிய படிவத்தில் தொழில் தையல், ஆண்டு வருமானம் 2,40,000 ரூபாய் (இணைப்பு 2, பக்கம் 1). 2025 மார்ச் 3 முதல் 13 வரையிலான 11 நாளில் 143 யூபிஐ வரவுகளாக 38,72,500 ரூபாய் வந்தது. அனுப்பியவர்கள் 131 பேர். 47 பற்றுகளில் 38,60,000 ரூபாய் வெளியேறியது. ஒவ்வொரு நாளும் வந்த பணத்தில் பெரும்பகுதி அன்றே போயிருக்கிறது (இணைப்பு 4, வரிசை 12 முதல் 201 வரை).”

மாற்றி எழுதிய பத்தியில் ‘சந்தேகம்’ என்ற சொல்லே இல்லை. எண்களைப் படித்ததும் சந்தேகம் தானாக வருகிறது. அறிக்கை எழுதுகிறவரின் வேலை இதுதான்: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும், அந்தத் தாளை வைத்து வேறொருவர் கணக்குப் போட்டாலும் அதே விடை வர வேண்டும்.

யார் யார் படிக்கப்போகிறார்கள் என்பதை முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது. வங்கியின் விஜிலன்ஸ் அதிகாரி படிப்பார். புகாராகப் போனால் பொருளாதாரக் குற்றப்பிரிவின் விசாரணை அதிகாரி, பிறகு அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், கடைசியில் நீதிபதி. இன்று குற்றம் சாட்டப்பட்டவரே படிக்கிறார். 2023 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஒரு கடன் கணக்கை மோசடி என்று வகைப்படுத்துவதற்கு முன் தடயத் தணிக்கை (மோசடியின் தடயம் தேடும் கணக்குத் தணிக்கை) அறிக்கையின் முடிவுகளுக்கு விளக்கம் சொல்லக் கடனாளிக்கு வாய்ப்புத் தர வேண்டும். 2024 ஜூலை 15 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட மோசடி இடர் மேலாண்மை நெறிகள், விளக்கம் கேட்கும் நோட்டீஸுக்குப் பதில் தரக் குறைந்தது 21 நாள் அவகாசம் என்கின்றன. நீங்கள் எழுதிய ஒரு மிகையான வரி போதும், அவருடைய வழக்கறிஞர் அதிலிருந்துதான் தொடங்குவார்.

கேட்ட கேள்வியும் பார்க்காத இடமும்

அறிக்கையின் முதல் பத்தியில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும். யார், எந்தத் தேதியிட்ட கடிதத்தில், எதை விசாரிக்கச் சொன்னார்கள்; எந்தக் காலத்தின் பதிவுகளைப் பார்த்தோம்; எந்தத் தேதி வரை கைக்கு வந்த ஆவணங்களை வைத்து எழுதியிருக்கிறோம். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து இன்னொரு வங்கியிலிருந்து ஸ்டேட்மென்ட் வந்து சேரும்போது, “இதை ஏன் மறைத்தீர்கள்?” என்ற கேள்வி எழாமல் காப்பது அந்தத் தேதிதான்.

பார்த்ததைச் சொல்வதைப் போலவே பார்க்காததையும் சொல்லியாக வேண்டும். பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளை விவகாரத்தில், 2018 ஜனவரி 29 தேதியிட்ட முதல் புகாரில் இருந்த தொகை சுமார் 280 கோடி ரூபாய். பிப்ரவரி 14 அன்று பங்குச் சந்தைக்கு வங்கி தெரிவித்தது சுமார் 11,400 கோடி. வாடிக்கையாளருக்கு வேறு வங்கி கடன் தர இந்த வங்கி பொறுப்பேற்ற உத்தரவாதக் கடிதங்கள், வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியே போயிருந்தன. வங்கியின் மையக் கணினி அமைப்பான சிபிஎஸ்ஸில் அவை பதிவாகவில்லை, இரண்டு அமைப்புகளும் அப்போது இணைக்கப்பட்டிருக்கவும் இல்லை. சிபிஎஸ்ஸை மட்டும் புரட்டுகிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். அதனால், “சிபிஎஸ் பதிவுகளையும் வவுச்சர்களையும் பார்த்தோம், ஸ்விஃப்ட் செய்திகளைப் பார்க்கவில்லை, கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை (இணைப்பு 9)” என்று வெளிப்படையாக எழுதுங்கள். அப்படி எழுதிய அறிக்கையைத்தான் படிக்கிறவர் நம்புவார், அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

எழுதுவதற்கு முன் பதிவேடு

ஆவணம் கைக்கு வந்த நிமிடத்திலேயே அதற்கு ஒரு எண் போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு எண் போடலாம் என்று தள்ளிவைத்தால், எந்த ஸ்டேட்மென்ட் கிளையிலிருந்து வந்தது, எது வாட்ஸ்அப்பில் வந்த படம் என்று பிரிக்க முடியாமல் போகும். ஆதாரப் பதிவேட்டில் எண், ஆவணத்தின் விவரம், யாரிடமிருந்து வந்தது, எந்த வழியில் வந்தது, தேதியும் நேரமும், மூலமா நகலா, பக்க எண்ணிக்கை, ஹாஷ் மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு), இப்போது எங்கே இருக்கிறது ஆகிய கட்டங்கள் போதும். அறிக்கையின் அடைப்புக்குறிகளில் வரும் இணைப்பு எண்களும் இதே எண்களாகவே இருக்கட்டும். கடைசி நேரத்தில் மறு எண் போடுவதில்தான் பாதித் தவறுகள் நுழைகின்றன.

யாரிடமிருந்து வந்தது என்ற கட்டம் சாதாரணமாகத் தெரியும். ஆனால் சத்யம் கணினி நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்ட ரொக்கமும் வங்கி இருப்பும் 5,040 கோடி ரூபாய். இருப்பை உறுதிசெய்யும் வங்கிக் கடிதங்களை அனுப்புவதும் பெறுவதும் தணிக்கையாளர் கையில் இல்லாமல் நிறுவனத்தின் வழியாகவே நடந்தது அந்த மோசடி நீடிக்க ஒரு முக்கியக் காரணம். விசாரிக்கப்படுகிறவர் தந்த ஸ்டேட்மென்ட் நகல் அவர் சொன்ன கதையின் ஒரு பகுதி, அவ்வளவுதான். அதே ஸ்டேட்மென்ட்டை வங்கியிலிருந்து நேரடியாக வாங்கி இரண்டையும் ஒப்பிட்ட பிறகே அது ஆதாரமாகும். இரண்டும் வேறுபட்டால் அந்த வேறுபாட்டுக்கு அறிக்கையில் தனிப் பத்தி ஒதுக்கலாம்.

கணினிப் பதிவுகளுக்குச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இருந்த இடத்தில் இருக்கிறது. சான்றிதழில் இரண்டு பகுதிகள்: ‘அ’ பகுதியை அந்தக் கருவிக்கோ பதிவுக்கோ பொறுப்பானவர் நிரப்ப வேண்டும், ‘ஆ’ பகுதியை வல்லுநர் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பும் அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதும் வரும். வங்கி ஏடுகளின் நகல்களுக்கு 1891-ஆம் ஆண்டு வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டத்தின்படியான சான்று தனியே வேண்டும். கணினி அச்சு என்றால் அந்தச் சட்டத்தின் 2ஏ பிரிவின் சான்றுகளும் சேர வேண்டும். இவற்றை ஆவணம் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். மேலாளர் மாற்றலாகிப் போன பிறகு சான்றிதழுக்காக அலைவது பெரும்பாடு.

ஹாஷ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வந்த எக்செல் கோப்பைத் திறந்து, கட்டத்தின் அகலத்தை மாற்றி, சேமித்தாலே ஹாஷ் மாறிவிடும். மின்னஞ்சலில் வந்த கோப்பைத் திறக்காமல் முதலில் தனி அடைவில் சேமித்து, எஸ்எச்ஏ-256 முறையில் ஹாஷ் மதிப்பை எடுத்துப் பதிவேட்டில் ஏற்றி, பிறகு ஒரு நகலில் வேலை செய்ய வேண்டும். 64 எழுத்துகள் வரும். அதைக் கையால் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுங்கள்.

சிசிடிவி பதிவு பழைய காட்சியின் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். அதனால் விசாரணையின் முதல் நாளே, தேதியும் நேரமும் கேமரா இருக்கும் இடமும் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பிவிட வேண்டும். காட்சி கிடைக்காமல் போனாலும், அந்தக் கடிதம் அறிக்கையில் ஒரு இணைப்பாக நிற்கும்.

ஸ்டேட்மென்ட்டில் நடக்கும் தவறுகள்

பிடிஎஃப் ஸ்டேட்மென்ட்டை எக்செல்லுக்கு மாற்றும்போது வரவுக் கட்டம் பற்றுக் கட்டத்துக்குத் தாவும், இரண்டு வரி விவரம் ஒரே வரிசையாகும், பக்கத்தின் கடைசி வரி காணாமல் போகும். கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. பக்கத்தில் ஒரு புதிய கட்டம் திறந்து, முந்தைய இருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்து, வருகிற விடை ஸ்டேட்மென்ட் இருப்போடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு வரிசைக்கும் சூத்திரம் போடுங்கள். எங்கே உதைக்கிறதோ அங்கே மாற்றத்தில் தவறு இருக்கும், அல்லது ஸ்டேட்மென்ட்டையே யாரோ திருத்தியிருப்பார்கள். போலி ஸ்டேட்மென்ட் செய்கிறவர்கள் தொகையை மாற்றுவார்கள். அதற்குக் கீழே வரும் எல்லா இருப்பையும் மாற்றுகிற பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை.

எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக ஏற்றினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் பறந்துவிடும். அந்த எண்ணை அறிக்கையில் எடுத்துப் போட்டுக் கணக்கை முடக்கச் சொன்னால், முடங்குவது சம்பந்தமில்லாத ஒருவரின் கணக்காக இருக்கலாம். கோப்பை ஏற்றுவதற்கு முன்பே அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். தேதியும் இப்படித்தான்: 03/04/2025 என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்து ஏப்ரல் 3 ஆகவோ மார்ச் 4 ஆகவோ மாறும். அறிக்கையில் மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

பரிவர்த்தனையின் அடையாள எண்களை முழுதாகத் தாருங்கள். நெஃப்ட் யூடிஆர் 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ் யூடிஆர் 22 எழுத்து, ஐஎம்பிஎஸ், யூபிஐ ஆகியவற்றின் ஆர்ஆர்என் 12 இலக்கம். எண்ணின் நீளத்தை வைத்தே தட்டச்சுப் பிழையைப் பிடித்துவிடலாம். இந்த எண் இருந்தால்தான் அடுத்த வங்கி பணத்தின் மறுமுனையைத் தேடித் தரும். தேதியும் தொகையும் மட்டும் எழுதி அனுப்பினால், அதே நாளில் அதே தொகையில் நடந்த வேறு பரிவர்த்தனையைக் காட்டி ஒரு பதில் வரும், வாரங்கள் வீணாகும்.

இணைய வங்கி லாக்-இன் பதிவுகளின் நேரம் பல அமைப்புகளில் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும். மார்ச் 2 இரவு 20:10 என்று பதிவில் இருந்தால் நம் நேரம் மார்ச் 3 அதிகாலை 01:40. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் எழுதியதால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான நேரக் கணக்கு உருவாகி, மறுக்க முடியாத வாதமாக நிற்பது நடக்கக்கூடியதுதான். எந்த நேரக் கணக்கு என்று ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பிடுங்கள். கைபேசி இணையத்தில் ஒரே ஐபி முகவரியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்வதால், ஐபியோடு போர்ட் எண்ணும் (அந்த முகவரியைப் பகிரும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) நொடி வரையிலான நேரமும் இல்லாமல் தொலைத்தொடர்பு நிறுவனத்தால் ஆளைச் சொல்ல முடியாது.

தொகையைப் பெரிதாக்கிக் காட்டும் தவறு இன்னொன்று உண்டு. பத்து லட்சம் ரூபாய் நான்கு கணக்குகள் வழியே போனால், நான்கின் வரவுகளையும் கூட்டி “40 லட்சம் ரூபாய் மோசடிப் பரிவர்த்தனை” என்று எழுதிவிடுகிறார்கள். பறிபோனது பத்து லட்சம்தான். அதேபோல் திரும்பி வந்த காசோலை, ரிவர்சல், தன் கணக்கிலிருந்து தனக்கே மாற்றிய தொகை, வைப்புநிதியிலிருந்து தானாக வந்து போகும் ஸ்வீப் தொகை இவையெல்லாம் ஸ்டேட்மென்ட்டில் வரவாகத் தெரியும். மொத்த வரவு இவ்வளவு, இவற்றைக் கழித்தது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று மூன்று எண்ணையும் காட்டிவிட்டால் யாரும் கேள்வி கேட்க இடமில்லை.

கலந்த பணம் யாருடையது

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் மிகக் கடினமான கேள்வி இங்கேதான் வருகிறது. அதனால் இதை ஒரு உதாரணத்தோடு நிதானமாகப் பார்ப்போம்.

மோசடிப் பணத்தைக் கடத்துவதற்காக வேறொருவரிடமிருந்து வாடகைக்கு எடுத்த ஒரு கணக்கில் காலையில் 18,400 ரூபாய் இருக்கிறது. 10:42-க்கு முதல் பாதிக்கப்பட்டவரிடமிருந்து 4,50,000 ரூபாய் வருகிறது. 11:05-க்கு இரண்டாமவரிடமிருந்து 2,00,000. 11:11-க்கு ஒரு கணக்குக்கு 3,00,000 போகிறது, 11:13-க்கு இன்னொரு கணக்குக்கு 2,50,000. 12:20-க்கு ஏடிஎம்மில் 10,000 எடுக்கப்படுகிறது. மீதி 1,08,400 ரூபாய் முடக்கப்படுகிறது. இந்த 1,08,400 யாருடைய பணம்?

முதலில் வந்தது முதலில் போகும் என்று கணக்குப் போட்டால், பழைய 18,400-ம் முதலாமவரின் 4,50,000-ம் முழுதாகப் போய்விட்டன. 3,00,000-இல் 18,400 பழைய இருப்பு, 2,81,600 முதலாமவருடையது. 2,50,000-இல் 1,68,400 முதலாமவருடையது, 81,600 இரண்டாமவருடையது. ஏடிஎம்மில் எடுத்ததும் இரண்டாமவருடையது. மீதியில் முதலாமவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

கடைசியில் வந்தது முதலில் போகும் என்று பார்த்தால், இரண்டாமவரின் 2,00,000 முதல் பரிமாற்றத்திலேயே தீர்ந்துவிடும். மீதியில் முதலாமவருக்கு 90,000 ரூபாய், பழைய இருப்பு 18,400.

பங்கு விகிதப்படி பிரித்தால், 11:11-க்குக் கணக்கில் இருந்த 6,68,400-இல் முதலாமவரின் பங்கு 67.325 சதவீதம். மீதியில் அவருக்கு ஏறக்குறைய 72,980 ரூபாய்.

ஒரே ஸ்டேட்மென்ட், மூன்று முறை, மூன்று விடை: பூஜ்யம், 90,000, 72,980. எந்த முறையை எடுத்தோம் என்பதையும் ஏன் எடுத்தோம் என்பதையும் எழுதாமல் ஒரு தொகையை மட்டும் எழுதினால் அந்த அறிக்கை முதல் குறுக்கு விசாரணையைத் தாண்டாது. ஒரே விசாரணையில் ஒரு கணக்குக்கு ஒரு முறையும் அடுத்த கணக்குக்கு வேறு முறையும் பயன்படுத்துவது அதைவிட மோசம். எங்கள் பரிந்துரை: முதன்மை முறை ஒன்றை எடுத்து எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே சீராகப் போடுங்கள், மற்ற முறைகளில் விடை எவ்வளவு மாறும் என்பதைத் தனி இணைப்பில் காட்டிவிடுங்கள். பிரிப்பது எப்படி என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, கணக்கைத் தெளிவாக வைப்பது நம் வேலை.

இந்தக் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டியதற்கு மனிதாபிமானக் காரணமும் உண்டு. மோசடிப் பணத்தின் கடைசி ஓடையில் 500 ரூபாய்க்கு மளிகை விற்ற கடைக்காரரின் மொத்தக் கணக்கும் முடங்கிப்போகிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், சரக்குக்கான பணம் எல்லாம் அதில்தான் இருக்கும். கணக்கு முழுவதையும் முடக்குவது பற்றி உயர் நீதிமன்றங்களும் கேள்வி எழுப்பியிருக்கின்றன. “இந்தக் கணக்கில் சர்ச்சைக்குரிய தொகை 500 ரூபாய், ஆர்ஆர்என் இது” என்று எழுதினால் அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைக்க வழி பிறக்கும். “இந்தக் கணக்குகள் சம்பந்தப்பட்டவை” என்று இருபது எண்களை வரிசையாக எழுதினால் இருபது குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும்.

பார்த்தது, சொன்னது, ஊகித்தது

ஒவ்வொரு வாக்கியமும் இந்த மூன்றில் எது என்பது வினைச்சொல்லிலேயே தெரிய வேண்டும். பார்த்தது: “வவுச்சரில் கையெழுத்து இல்லை.” சொன்னது: “கையெழுத்து போட மறந்துவிட்டதாகக் காசாளர் தெரிவித்தார் (இணைப்பு 11, கேள்வி 6).” ஊகித்தது: “அன்று இதே காசாளர் கையாண்ட மற்ற 34 வவுச்சர்களிலும் கையெழுத்து இருப்பதால், மறதி என்ற விளக்கத்தை ஏற்பது கடினம்.” மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து “காசாளர் வேண்டுமென்றே கையெழுத்திடாமல் விட்டுள்ளார்” என்று எழுதினால், எது ஆதாரம் எது அபிப்பிராயம் என்று யாராலும் பிரிக்க முடியாது.

செயப்பாட்டு வினை வரும் இடத்தில் ஆள் மறைந்துபோகிறார். “அனுமதி வழங்கப்பட்டது” என்றால், வழங்கியது யார்? “மேலாளர் அனுமதி வழங்கினார்” என்று எழுதுவதும் சில நேரம் தவறு. பதிவில் தெரிவது மேலாளரின் பயனர் எண் மட்டுமே. கிளைகளில் கடவுச்சொல்லைப் பகிர்வது விதிக்கு எதிரானது, ஆனாலும் நடக்கிறது. “மேலாளரின் பயனர் எண்ணில் 15:47-க்கு அனுமதி பதிவாகியுள்ளது, வருகைப் பதிவேட்டின்படி அவர் அன்று மதியம் 2 மணிக்கே கிளம்பிவிட்டார்” என்று எழுதும்போதுதான் விசாரணை சரியான ஆளை நோக்கி நகரும்.

ஆளை அடையாளம் காட்டுவதில் நம் பெயர்களே ஒரு சிக்கல். முதலெழுத்து ஒரு ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால். பான் அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாக. ஆதாரில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. ஒரே ஆள் நான்கு பேராகத் தெரிவார், நான்கு பேர் ஒரே ஆளாகவும் தெரிவார்கள். அறிக்கையின் தொடக்கத்தில் ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரே பெயர் வடிவத்தைத் தீர்மானித்து, ஆவணங்களில் காணப்படும் மற்ற வடிவங்களையும் வாடிக்கையாளர் எண்ணையும் பான் எண்ணையும் பக்கத்தில் கொடுங்கள். பான் எண்ணின் நான்காம் எழுத்து வகையைச் சொல்லும்: தனிநபருக்கு ‘பி’, நிறுவனத்துக்கு ‘சி’. தனிநபருக்கு ஐந்தாம் எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. நம்மூரில் அந்த இடத்தில் பெரும்பாலும் தகப்பனார் பெயரை எழுதியிருப்பார்கள், அதனால் எழுத்து பொருந்தவில்லை என்று அவசரப்பட்டுப் போலி என்று எழுதிவிடக் கூடாது. ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33; அடுத்த பத்து எழுத்தும் பான் எண். பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணுக்குள் இருக்கும் பான் வேறொருவருடையது என்றால் அது அறிக்கையின் முதல் பக்கத்துக்குப் போக வேண்டிய செய்தி.

வாக்குமூலத்தைக் கேள்வி பதிலாக, பேசியவர் பேசிய மொழியில் எழுதுங்கள். அவருடைய சொல்லை நம் சொல்லாக மாற்ற வேண்டாம். “ஏஜென்ட் அண்ணன் கேட்டாரு, ஏடிஎம் கார்டைக் குடுத்தேன், மாசம் அஞ்சாயிரம் தந்தாரு” என்பதை “கணக்கை வாடகைக்கு விட்டதாக ஒப்புக்கொண்டார்” என்று சுருக்கினால், அவருக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்தவராக அவரைக் காட்டிவிடுகிறோம். அவர் தந்த விளக்கத்தையும் அதைச் சரிபார்க்க என்ன செய்தோம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். நகை விற்ற பணம் என்றால், கடை பில் கேட்டோமா, கடையில் விசாரித்தோமா? அவருக்குச் சாதகமாக இருக்கும் தாளை விட்டுவிட்ட அறிக்கை அநியாயமானது. வழக்கு நிற்காது என்பது அதற்கு அடுத்த பிரச்சினை.

சீட்டு, வைப்புத்தொகை மோசடிகளில் இழப்பைக் கணக்கிடும்போது கூடுதல் கவனம் தேவை. தமிழ்நாட்டில் வைப்புத்தொகை மோசடிகள் பெரும்பாலும் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒருவர் ஒரு லட்சம் கட்டி, மாதம் பத்தாயிரம் வீதம் ஆறு மாதம் வாங்கியிருந்தால், கட்டியது, திரும்ப வந்தது, நிகரம் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் காட்டுங்கள். ரொக்கமாகக் கட்டியவருக்கு ரசீது எண். ரசீதும் இல்லை என்றால் ஏஜென்ட்டின் நோட்டுப் புத்தகப் பக்கம், வாட்ஸ்அப் செய்தி என்று எந்த வகை ஆதாரம் என்பதற்கு ஒரு கட்டம். ஆதாரம் இல்லாதவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள், “ஆதாரம் இன்னும் வரவில்லை” என்று எழுதி வையுங்கள். சேமிப்பு முழுவதையும் கட்டிய ஒருவர் ரசீதைத் தொலைத்ததால் அரசுக் கோப்பிலிருந்தே காணாமல் போகக் கூடாது.

முதல் பக்கமும் கடைசிச் சோதனையும்

சுருக்கப் பக்கத்தைக் கடைசியில் எழுதி முதலில் வையுங்கள். என்ன நடந்தது, எப்போது, எந்தக் கணக்குகள் வழியே, எவ்வளவு, இப்போது பணம் எங்கே நிற்கிறது, எது இன்னும் தெரியவில்லை, அடுத்து உடனே செய்ய வேண்டியது என்ன: ஒரே பக்கத்தில் முடிய வேண்டும். உள்ளே பணம் போன பாதையைத் தேதி வரிசையில் சொல்லுங்கள். நாம் கண்டுபிடித்த வரிசையில் சொன்னால் படிக்கிறவர் திணறுவார். ஓட்டப் படம் போடுவதானால் ஒவ்வொரு அம்பின் மேலும் தேதியும் தொகையும் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் பத்துப் பெட்டிக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள்.

‘மோசடி செய்தார்’, ‘குற்றவாளி’, ‘கூட்டுச் சதி’ போன்ற சொற்கள் நம் அறிக்கையில் வேண்டாம். எந்தச் செயல், எந்த விதிக்கு மாறானது என்று எழுதினால் போதும். சட்டப் பிரிவைக் குறிப்பிடும்போது குற்றம் நடந்த தேதியைப் பாருங்கள்: 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த ஏமாற்று என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, அன்றோ அதற்குப் பின்னோ என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318. இரண்டு காலத்திலும் நீண்ட மோசடியில் இரண்டும் வரும்.

சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை (எஸ்டிஆர்) அனுப்பிய செய்தி இந்த அறிக்கையில் எங்கும் வரக் கூடாது. பணமோசடித் தடுப்புச் சட்ட விதிகளின்படி, சந்தேகத்துக்குரியது என்று முடிவுக்கு வந்ததும் தாமதிக்காமல் முதன்மை அதிகாரி அதை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதை வாடிக்கையாளர் அறியவும் கூடாது. விசாரணை அறிக்கை பல கைகளுக்குப் போகும், விளக்கம் கேட்கும் நோட்டீஸோடு வாடிக்கையாளர் கைக்கும் போகும். “எஸ்டிஆர் அனுப்பப்பட்டுள்ளது” என்ற அரை வரி அங்கே கசிந்தால் சட்ட மீறல் நம்முடையது.

கையெழுத்துக்கு முன் இந்த வழக்கைப் பற்றி எதுவும் தெரியாத சக ஊழியர் ஒருவரிடம் அறிக்கையையும் இணைப்புகளையும் கொடுங்கள். எழுதியவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவர் எங்காவது பத்து வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றின் தாளையும் தேடட்டும். இரண்டுக்குத் தாள் கிடைக்கவில்லை என்றால் முழு அறிக்கையையும் வரிவரியாகத் திரும்பப் பார்க்க வேண்டும். சுருக்கத்தில் உள்ள மொத்தத் தொகை, உள்ளே அட்டவணையில் உள்ள தொகை, இணைப்பின் கூட்டுத்தொகை மூன்றும் ரூபாய் வரை ஒன்றாக இருக்கின்றனவா என்று அவரே சரிபார்க்கட்டும். கடைசி நேரத்தில் ஒரு கணக்கைச் சேர்த்துவிட்டு சுருக்கத்தைத் திருத்த மறப்பது அடிக்கடி நடக்கிறது.

அனுப்பிய பிறகு வேலைக் கோப்பைக் கலைத்துவிடாதீர்கள். சாட்சி சொல்ல அழைப்பு பல ஆண்டுகள் கழித்து வரும். அப்போது கணினி மாறியிருக்கும், எழுதியவரும் வேறு ஊரில் இருப்பார். சூத்திரங்கள் அழியாத எக்செல் கோப்பு, ஹாஷ் எடுத்த மூலக் கோப்புகள், ஆதாரப் பதிவேடு, அனுப்பிய கடிதங்கள், பதில் வராத கடிதங்களின் பட்டியல், நேர்காணலில் கையால் எழுதிய குறிப்புகள் இவற்றை இரண்டு பிரதியாக, இரண்டு இடத்தில் வையுங்கள். உறையின் மேல் வழக்கு எண்ணோடு, எந்தக் கோப்பு எந்த இணைப்புக்கு உரியது என்ற ஒரு பக்கப் பட்டியலையும் ஒட்டிவிடுங்கள்.